ஆச்சியின் பாட்டும் ஒரு நேர் கோடும்

நேயர்களே, இந்த வாரம் உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.

இரண்டு வருஷங்களுக்கு முன், தைப்பொங்கல் விடுமுறையில், ஓட்டப்பிடாரத்தில் என் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, என் சின்ன ஆச்சியின் பாட்டுக்களைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். சின்ன ஆச்சி என்றால் என் ஆச்சியின் தங்கை. வயது எழுபத்தெட்டு. களையெடுப்புப் பாட்டு, கும்மிப் பாட்டு, தாலாட்டு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடினாள். நடுநடுவே வெற்றிலை போட்டுக்கொண்டாள். திரையில் கடிகாரம் ஓடிற்று, கோடும் ஓடிற்று. நானும் தலையை ஆட்டிக்கொண்டு ரசித்தேன். சென்னைக்குத் திரும்பி வந்து போட்டுக் கேட்டால், சத்தமே இல்லை. திரையில் ஒரு நேர் கோடு மட்டும் இருந்தது. 1 மணி 7 நிமிஷ நீளத்துக்கு, இம்மி பிசகாத நேர் கோடு!

"போகிறது; அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் பாடச் சொன்னால் போயிற்று" என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சின்ன ஆச்சி அடுத்த பொங்கல் வரையில் காத்திருக்கவில்லை. ஆடி மாதத்தில் போய்விட்டாள்.

அந்த நேர் கோட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, மைக் இருக்கிறது, ஒலிப்பதிவு செய்யும் மென்பொருளும் இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளைப் போல் மூன்றும் ஒன்றோடொன்று பேச மறுக்கின்றன. அப்போது என்ன செய்வது? இதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். இப்படி ஒரு கோடு உங்கள் வீட்டிலும் விழுந்துவிடக் கூடாதல்லவா?

* * *

"இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? பாட்டி பாட்டுத்தானே!" என்று நினைப்பீர்களானால், கரிசல் சீமையின் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஓட்டப்பிடாரம் என்றதும் 1872-ல் அங்கே பிறந்த கப்பலோட்டிய தமிழரின் ஞாபகம் வரும். பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. இன்னும் சற்றுத் தூரம் போனால் எட்டயபுரம். 1882-ல் அங்கே பிறந்து 1921-ல் மறைந்தவர் பாரதியார். அவர் கணீரென்று பாடுவார் என்று கூட இருந்து கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கள் நம்மிடம் இருக்கின்றன. பாடிய குரல் இல்லை. அதே சீமையில், கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்ட காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் காலமானார். ஆனால் 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவருடைய நாகஸ்வரம் இன்றைக்கும் நம் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கிறது. ஒருவர் போனார், குரலும் போயிற்று; இன்னொருவர் போனார், நாதம் நின்றது. ஒருவருக்கு ஒலிப்பதிவு வாய்க்கவில்லை, மற்றவருக்கு வாய்த்தது என்பதுதான் வித்தியாசம்.

பேராசிரியர் நா. வானமாமலை 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை வெளியிட்டார். இடைசெவல் கி. ராஜநாராயணன், 2021-ல் மறையும் வரையில், கரிசல் காட்டுக் கதைகளையும் சொற்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். இவர்களுடைய உழைப்பினால் வார்த்தைகள் பிழைத்தன. ஆனால் களையெடுக்கும்போது குனிந்த முதுகோடு எப்படி மூச்சை இழுத்து விட்டுப் பாடினார்கள் என்பதைக் காகிதத்தில் எழுத முடியுமா? அதற்குக் குரல் வேண்டும். அந்தக் குரல் உங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது உட்கார்ந்திருக்கலாம்.

* * *

இந்தக் கோடையில் மறுபடியும் ஓட்டப்பிடாரம் போனேன். இந்தத் தடவை ஆச்சியே பாடச் சம்மதித்திருந்தாள். வயது எண்பத்து நாலு. காது சற்று மந்தம். குரலில் மட்டும் வெண்கலம் அப்படியே இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரியில் படிக்கும் என் மாமா மகள் தன் மடிக்கணினியோடும் புதிதாக வாங்கிய யு.எஸ்.பி. மைக்கோடும் தயாராக இருந்தாள். மென்பொருள் 'ஆடாசிட்டி'. 1999-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் எழுத ஆரம்பித்து, 2000-ல் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனாலேயே உலகெங்கும் வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் துணை.

மேல்காற்று இரைகிறதே என்று ஜன்னலைச் சாத்தினோம். மின்விசிறியை நிறுத்தினோம். கோழிகளைக் கொல்லைப் பக்கம் துரத்தினோம். ஆச்சி வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாமா மகள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

ஒலிப்பதிவுச் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று திரையில் ஒரு செய்தி வந்து நின்றது.

மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் அதே செய்தி. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"என்னலே, பாடவா, வேண்டாமா? வெத்தலையைத் துப்பிட்டு வந்து எம்புட்டு நேரமாச்சு!" என்றாள் ஆச்சி.

"மைக்கில வெளக்கு எரியுதுல்ல, பெறகென்ன?" என்றார் மாமா. அவர் விவசாயி. மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்தால் மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாமா சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. ஆனால் பருத்திப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை. மாமா என்ன செய்வார்? பாத்தியில் நின்றுகொண்டு மண்ணைத் திட்டுவாரா? மாட்டார். கிணற்றில் ஆரம்பித்து, குழாய், வாய்க்கால், மடை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கே ஈரம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சத்தமும் தண்ணீர் மாதிரிதான். மைக் கிணறு; கம்பி வாய்க்கால்; கம்ப்யூட்டரை நடத்தும் விண்டோஸ் போன்ற ஆதார மென்பொருள் மடை; ஆடாசிட்டி பாத்தி. நம்மில் பலர் பாத்தியில் நின்று மண்ணைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம். வாருங்கள், கிணற்றிலிருந்து நடப்போம்.

* * *

முதலில் கம்பி. யு.எஸ்.பி. கம்பிகளில் ஒரு சூது உண்டு. சாதாரணக் கம்பிக்குள்ளே குறைந்தது நான்கு இழைகள் ஓடும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் என்று மலிவாக விற்கும் சில கம்பிகளில் மின்சார இழைகள் மாத்திரமே இருக்கும். அதைச் செருகினால் மைக்கில் விளக்கு ஜோராக எரியும். ஆனால் மைக் வந்திருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வீட்டில் கைபேசிக் கம்பிகள் அரை டஜன் கிடந்தால், கைபேசியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் புகைப்படம் மாற்றிப் பாருங்கள். புகைப்படம் போகிற கம்பி நல்ல கம்பி. போகாததைச் சார்ஜுக்கு ஒதுக்கி வையுங்கள்.

நாலைந்து சாதனங்களை ஒரே பெட்டியில் செருகி, அதை ஒரே துளையில் மாட்டுவதும் நல்லதல்ல. யு.எஸ்.பி. 2.0 துளை கொடுக்கும் மின்சாரம் 500 மில்லியாம்பியர்தான். நாலு பிள்ளைகளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டால் கடைக்குட்டிக்கு என்ன மிஞ்சும்? மைக்கை நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகுங்கள்.

சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் வைத்திருக்கிறீர்களா? அதன் ஊசியைக் கண்ணருகே வைத்துக் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் ஊசி நான்கு பாகம், கைபேசிக்காகச் செய்தது. இரண்டு வளையம் என்றால் மூன்று பாகம்தான். மடிக்கணினிகள் பலவற்றில் கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து ஒரே துளை. அது நான்கு பாக ஊசியை எதிர்பார்க்கும். மூன்று பாக ஊசியைச் செருகினால், "காதில் மாட்டும் கருவி வந்திருக்கிறது" என்று எண்ணி மைக்கை மதிக்காமல் விட்டுவிடும். பழைய மேஜைக் கம்ப்யூட்டர்களில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஒலிபெருக்கிக்குப் பச்சைத் துளை என்று தனித்தனி. இரண்டையும் இணைக்கும் சிறு மாற்றுக் கம்பிகள் கடைகளில் கிடைக்கின்றன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கோடையில் கரிசல் தூசி புகாத துளையே கிடையாது. ஊசி முழுவதும் உள்ளே போகாமல் நின்றால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். கொண்டை ஊசியால் குடையாதீர்கள்!

பாடகர்கள் உபயோகிக்கும் பெரிய கண்டென்ஸர் மைக் சிலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தனியாகத் தேவை. இடையில் வைக்கும் பெட்டியில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்க மறந்துவிட்டு மைக்கைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

அடுத்தது மடை. விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'சவுண்ட்' என்று போனால் உள்ளே வரும் ஒலிக்கான பட்டியல் இருக்கும். அதில் உங்கள் மைக்கின் பெயர் இருக்கிறதா? பேசினால் பக்கத்திலுள்ள பட்டை ஏறி இறங்குகிறதா? பெயரே இல்லையென்றால் கோளாறு கம்பியில். பெயர் இருந்து பட்டை அசையவில்லையென்றால், மைக்கிலேயே உள்ள நிறுத்துப் பொத்தானைப் பாருங்கள். பட்டை அசைந்தால் மடை வரையில் தண்ணீர் வந்துவிட்டது.

மடையில் ஒரு காவல்காரனும் உண்டு. நமக்குத் தெரியாமல் யாரும் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பதற்காக, 2018-லிருந்து விண்டோஸும் ஆப்பிளின் மாக் கம்ப்யூட்டரும் மைக்குக்கு அனுமதி முறையைக் கடுமையாக்கிவிட்டன. விண்டோஸில் 'பிரைவசி' என்ற பகுதியில் 'மைக்ரோஃபோன்' என்று இருக்கும். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பொத்தான்கள் உண்டு. மேலே இருப்பதைத் திறந்துவிட்டு, கீழே 'டெஸ்க்டாப்' மென்பொருள்களுக்கு என்று இருப்பதை மறந்துவிடுகிறோம். ஆடாசிட்டி அந்தக் கீழ்ப் பொத்தானின் கீழ்தான் வரும். மாக் கம்ப்யூட்டர் ஒரு தடவை அனுமதி கேட்கும். அவசரத்தில் 'கூடாது' என்று சொல்லிவிட்டால் ரோஷக்காரன் மாதிரி மறுபடியும் கேட்காது. நாமேதான் தேடிப் போய்த் திறந்துவிட வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து வயல்காரர். காலையில் அமெரிக்காவிலிருக்கும் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசினீர்கள். பேச்சை முடித்தீர்களே தவிர, அந்த மென்பொருளை மூடவில்லை. அது மைக்கைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். மைக்கின் குணங்களைக் காட்டும் பக்கத்தில், ஒரே மென்பொருள் தனியுரிமை கொண்டாடலாம் என்று ஒரு கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் சண்டை தீரும். எதற்கும், பதிவுக்கு உட்காருமுன் மற்றவற்றையெல்லாம் மூடிவிடுவது உத்தமம்.

நான்காவதுதான் என் குற்றம் நடந்த இடம். ஆடாசிட்டியில் எந்த வழியாக ஒலி வர வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே 'ஆடியோ செட்டப்' என்ற பொத்தானுக்குள் அந்தப் பட்டியல் இருக்கிறது. மடிக்கணினியின் சொந்த மைக், வெளி மைக், இவற்றோடு சிலவற்றில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அது மைக்கே அல்ல! கம்ப்யூட்டர் தானே வாசிக்கும் பாட்டைத் தானே பதிந்துகொள்ளும் வழி அது. இரண்டு வருஷங்களுக்கு முன் நான் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். சின்ன ஆச்சி இந்தப் பக்கம் பாடினாள். கம்ப்யூட்டர் தன் வயிற்றுக்குள் நிலவிய மௌனத்தை ஒரு மணி ஏழு நிமிஷம் உண்மையோடு பதிவு செய்தது. மென்பொருளின் மேல் குற்றமே இல்லை. கோடு அலை அலையாக எழும்புகிறதா என்று ஒரு கணம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.

இன்னொரு சூட்சுமம்: ஆடாசிட்டி திறக்கும்போதுதான் பட்டியலைத் தயாரிக்கிறது. அதற்கப்புறம் செருகிய மைக் அதில் இராது. அதே பொத்தானுக்குள் 'ரீஸ்கேன்' என்ற வரியை அமுக்கினால் மறுபடியும் தேடி எடுத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, அளவை. ஒலியைக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எண்ணாக எழுதுகிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 தடவை. வீடியோவில் வழக்கம் 48,000 தடவை. மனிதக் காது உச்சமாகக் கேட்பது 20,000 அதிர்வு வரைதான். அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் ஒன்றும் தவறாது என்பது கணக்கு. ஆகவே இரண்டுமே நல்லவைதான். ஆனால் மைக் 48,000 என்றும் மென்பொருள் 44,100 என்றும் நின்றால், ஒருவர் படியாலும் மற்றவர் நாழியாலும் அளக்கிற கதையாகிவிடும். 'எம்.எம்.இ.' என்ற பழைய வழியில் போனால் விண்டோஸே நடுவிலிருந்து மாற்றிக் கொடுத்துவிடும். 'வாசாபி' என்ற வழியில் அந்தத் தாட்சணியம் குறைவு. வியாபாரம் முறிந்தது என்று கதவைச் சாத்திவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வைத்துவிட வேண்டியதுதான்.

செய்தியோடு ஒரு எண்ணும் வந்தால் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வழிகாட்டி. 9997 என்றால் அளவைத் தகராறு. 9998 என்றால் ஒற்றை வாய்க்கால் மைக்கிடம் இரட்டை வாய்க்கால் கேட்கிறீர்கள். 'ஸ்டீரியோ'வை 'மோனோ' ஆக்குங்கள். 9996 என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த சாதனம் அங்கே இல்லை, ரீஸ்கேன் செய்யுங்கள். 9985 என்றால் சாதனம் இப்போது கைக்கு எட்டவில்லை; வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 9999 என்றால், "என்னவோ எதிர்பாராதது நடந்துவிட்டது" என்று மென்பொருளே கையை விரிக்கிறது. அப்போது முதலில் அனுமதிப் பொத்தானைப் பாருங்கள். பிறகு கிணற்றிலிருந்து நடந்து வாருங்கள்.

கம்பியில்லாமல் காதில் மாட்டும் புளூடூத் கருவியை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். பாட்டுக் கேட்கும்போது அது ஒரு தினுசாக வேலை செய்கிறது. அதன் மைக்கைத் திறந்ததும் தொலைபேசித் தினுசுக்கு இறங்கிவிடும். அளவை பெரும்பாலும் விநாடிக்கு 8,000 அல்லது 16,000தான். வெண்கலக் குரலும் ரயில் நிலைய அறிவிப்பாகிவிடும்.

* * *

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இந்த வரிசைப்படி நடந்து பார்த்ததில் ஒன்றல்ல, மூன்று கோளாறுகள்! மைக்கோடு வந்த கம்பியை எலி கடித்துவிட்டதாம். மாமா மகள் மாமாவின் சார்ஜ் கம்பியைப் போட்டிருந்தாள். அதில் செய்தி இழை இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து நல்ல கம்பி வாங்கி வந்து மாட்டியதும் சவுண்ட் பக்கத்தில் மைக்கின் பெயர் எழுந்தது. ஆனால் ஆடாசிட்டியின் பட்டியலில் இல்லை. ரீஸ்கேன் செய்தோம், வந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால், இப்போது 9997! எப்போதோ ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்காக அவள் வாசாபி வழியை மாற்றி வைத்திருந்தாள். மைக் 48,000, மென்பொருள் 44,100. அதையும் 48,000 ஆக்கினோம். கோடு சிலிர்த்துக்கொண்டு அலை அலையாக எழும்பிற்று.

"ஆச்சி, பாடுங்க!" என்று திரும்பினேன். ஆச்சி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

"எழுப்பட்டுமா அத்தான்?" என்றாள் மாமா மகள்.

வேண்டாம் என்றேன். நாற்பது நிமிஷம் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு, எண்பத்து நாலு வயசுக் குரலை அவசரப்படுத்த நமக்கு என்ன உரிமை?

மறு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆச்சியே வந்து எழுப்பினாள். காற்று அடங்கியிருந்தது. கோழிகள் கூட மரியாதையாக இருந்தன. முதலில் மாமாவை அரை நிமிஷம் பேசச் சொல்லிப் பதிவு செய்து, காதில் மாட்டிக் கேட்டோம். சரியாக இருந்தது. பிறகு ஆச்சி பாடினாள். ஐம்பத்து மூன்று நிமிஷம்.

கடைசியாக ஒரு தாலாட்டை ஆரம்பித்தாள். நாலு அடி பாடிவிட்டு நிறுத்தினாள்.

"இது தங்கச்சி பாட்டு. அவதான் பூராவும் படிப்பா. எனக்கு இதுக்கு மேல தெரியாதுலே" என்றாள்.

அந்தப் பாட்டின் மிச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நேர் கோட்டுக்குள் இருக்கிறது. எந்த மென்பொருளாலும் அதை எடுக்க முடியாது. ஆச்சியிடம் இதை நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்லுகிறேன்.

பதிவைப் போட்டுக் காட்டியபோது ஆச்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது யாரு, எங்க அம்மா மாதிரில்ல படிக்கா!" என்றாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

* * *

ஆகவே, நேயர்களே, பாட்டியை அழைக்கும் முன்பே கருவிகளைச் சரிபாருங்கள். முடிந்தால் முந்தின நாளே. அரை நிமிஷம் பதிந்து, திரும்பப் போட்டு, உங்கள் காதாலேயே கேளுங்கள். கடிகாரம் ஓடுவதை நம்பாதீர்கள். பாடும்போது அலை உச்சியைத் தொடாமல், மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் ஏறி இறங்கட்டும். பக்கத்தில் ஒரு கைபேசியையும் பதிவில் போட்டு வையுங்கள். ஒன்று ஏமாற்றினால் மற்றது காப்பாற்றும். ஆரம்பத்தில் பாடுகிறவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஐம்பது வருஷம் கழித்துக் கேட்கிறவர்களுக்கு உதவும். 16 பிட், மோனோ, 44,100 என்று பதிந்தால் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 317 மெகாபைட் ஆகும். கைவிரல் அளவுள்ள பென் டிரைவில் ஒரு கிராமத்துப் பாட்டிமார் அத்தனை பேரையும் அடக்கிவிடலாம். அதிலும் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வீட்டில் வையுங்கள்.

இதையெல்லாம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கம்பியும் மைக்கும் கடையில் கிடைக்கும்.